நெட் போனால் குரோம்புக் வெறும் பெட்டியா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்று மகன் சொல்கிறான். தி.நகரில் ஒரு கடையில் குரோம்புக் பார்த்தோம். விலை குறைவு, கையில் தூக்கினால் கனமும் இல்லை. ஆனால் விற்பனையாளரே, "வேண்டாம் மேடம், நெட் போனா அது வெறும் பெட்டிதான்" என்று எங்களை விண்டோஸ் வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மெயில், வங்கி, மார்கழியில் கச்சேரி நேரலை, பத்திரிகைகளுக்கு அவ்வப்போது தமிழில் கட்டுரை, இவ்வளவுதான் என் வேலை. கணவர் எங்கள் ஃபிளாட் சங்கத்தின் கணக்கை டாலியில் எழுதுகிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அடையாறிலிருந்து சனி, ஞாயிறுகளில் வருவாள். வந்தால் லேப்டாப் அவள் மடியில்தான். கடைக்காரர் சொன்னது சரியா? எங்களுக்கு குரோம்புக் போதுமா?

ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, கடைக்காரர் சொன்ன எச்சரிக்கையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, காரணம்தான் தப்பு. சரியான காரணத்தை உங்கள் கேள்வியிலேயே ஒரு வரியில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

குரோம்புக் என்பது குரோம் ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி. இயங்குதளம் என்றால் திரை, விசைப்பலகை, சேமிப்பு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் ஓர் இயங்குதளம், குரோம் ஓஎஸ் இன்னொன்று. குரோம் ஓஎஸ்ஸின் அடியில் இருப்பது லினக்ஸ். மேலே முகமாக இருப்பது நீங்கள் தினமும் பார்க்கும் குரோம் பிரவுசர். இதைச் செய்யப்போகிறோம் என்று 2009 ஜூலையில் கூகுள் வெளியிட்ட அறிவிப்பில் பெயர் போட்ட இருவரில் ஒருவர் சுந்தர் பிச்சை, அசோக் நகரில் வளர்ந்து ஐஐடி வளாகத்து வனவாணிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர். முதல் குரோம்புக்குகள் 2011-ல் விற்பனைக்கு வந்தன, இந்தியாவுக்கு 2013-ல். 2023 அக்டோபர் முதல் எச்பி நிறுவனம் சென்னைக்கு அருகில் ஃப்ளெக்ஸ் ஆலையில் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. நம்ம ஊர்ப் பையன், நம்ம ஊர்ச் சரக்கு என்பதற்காக மட்டும் யாரும் வாங்கிவிட வேண்டாம்.

இனி நெட் விஷயம். 2011 வாக்கில் கடைக்காரர் சொன்னது ஏறக்குறைய உண்மை. இப்போது இல்லை. குரோம்புக்கில் உள்ளேயே சேமிப்பு உண்டு. தரவிறக்கி வைத்த பிடிஎஃப், புகைப்படம், பாட்டு, வீடியோ எதையும் நெட் இல்லாமல் திறக்கலாம். கூகுள் டாக்ஸில் எழுதும் கட்டுரையை நெட் இல்லாதபோதும் எழுதிக்கொண்டே போகலாம். இணைப்பு திரும்பியதும் அது தானே மேலே ஏறிக்கொள்ளும். ஜிமெயிலில் கடைசி 7, 30 அல்லது 90 நாள் அஞ்சல்களைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரே நிபந்தனை, இந்த ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே அமைப்புகளுக்குள் போய் இயக்கி வைத்திருக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. மழை நாளில் திரை வெறுமையாக நிற்கும்போது பழி கணினியின் மேல் விழுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் இணைப்பும் நாள்கணக்கில் இல்லை. அன்றைக்கு விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தவர் என்ன செய்திருக்க முடியும்? வங்கிக்குள் போக முடியாது, மின்கட்டணம் கட்ட முடியாது, கச்சேரி பார்க்க முடியாது. நீங்கள் பட்டியலிட்ட வேலைகளில் கட்டுரை எழுதுவதைத் தவிர மற்றதெல்லாம் எந்தக் கணினியிலும் நெட் கேட்கும் வேலைகள். கட்டுரையோ இரண்டிலும் நெட் இல்லாமல் நடக்கும். ஆக, நெட் போனால் இரண்டுமே பெட்டிதான். குரோம்புக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் குடிக்கும் பெட்டி.

அப்படியானால் உண்மையான தடை எது? விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள் குரோம் ஓஎஸ்ஸில் நேராக ஓடாது. அவ்வளவுதான் விஷயம். விண்டோஸ் மென்பொருள்கள் 'டாட் இஎக்ஸ்இ' என்று முடியும் கோப்புகளாக வரும். அவை ஒவ்வொரு சிறு காரியத்துக்கும், ஒரு சன்னலைத் திறக்க, ஒரு கோப்பைச் சேமிக்க, விண்டோஸின் உள்வசதிகளையே கூப்பிடும்படி எழுதப்பட்டவை. அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல குரோம் ஓஎஸ்ஸில் ஆள் இல்லை. ஈயச்சொம்பை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் ரசம் கொதிக்காது. அடுப்பும் நல்ல அடுப்பு, சொம்பும் நல்ல சொம்பு. கணினியின் வேகம், விலை, நினைவகம் எதைக் கூட்டினாலும் இந்த இடத்தில் மாற்றம் வராது.

இதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது, குறை சொல்ல முடியாத சரக்கு. நான் பார்த்த பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்தையே திறந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த மென்பொருளும் விளையாட்டும் அந்தப் பக்கம் இருந்தன.

ஆகவே யாராவது குரோம்புக் வாங்கலாமா என்று கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இந்த வாரம் கணினியில் பிரவுசரைத் தவிர எதையெல்லாம் திறந்தீர்கள்? அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பட்டியல்.

முதலில் நீங்கள். மெயில், வங்கி, நேரலை மூன்றும் பிரவுசர் வேலைகள். மெட்ரோ வாட்டர் வரி, சொத்து வரி, பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகம் தேடுவது எல்லாம் அப்படியே. வருமான வரிக் கணக்கையும் தளத்திலேயே நிரப்பி ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடலாம். ஓய்வூதியருக்கான ஆயுள் சான்றை முகத்தைக் காட்டிப் பதிவுசெய்யும் வசதி கைப்பேசிச் செயலியிலேயே இருக்கிறது, அதற்கு லேப்டாப்பைத் தேட வேண்டாம்.

தமிழ்க் கட்டுரை என்றீர்களே, அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். குரோம் ஓஎஸ்ஸில் தமிழ் உள்ளீடு கூடவே வருகிறது: ஆங்கில ஒலிப்படி தட்டும் முறை, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு முறை எல்லாம் உண்டு. தமிழ்99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. நீங்கள் இதுவரை என்எச்எம் ரைட்டரிலோ அழகியிலோ தட்டியிருந்தால், அவை விண்டோஸ் மென்பொருள்கள், இங்கே வராது. ஆனால் அதே விசை அமைப்பு அநேகமாகக் கிடைக்கும், விரல்கள் இரண்டொரு நாளில் பழகிவிடும்.

பெரிய சிக்கல் புதிதாக எழுதுவதில் வராது, பழையதைத் திறப்பதில் வரும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் நீங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதியிருக்கக்கூடும். அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான் இருக்கும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் கட்டுரை முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கூகுள் டாக்ஸில் நாமாக ஓர் எழுத்துருவை நிறுவ வழியில்லை. இப்போது புழக்கத்தில் உள்ளது யூனிகோடு, அதாவது உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடு. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுவிட்டது. எனவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். குரோம்புக் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். உங்கள் எழுத்து ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆயுளை நம்பி இருக்கக் கூடாது.

பேத்திக்கு வருவோம். பள்ளி வேலை, கூகுள் கிளாஸ்ரூம், பாடம் பார்ப்பது எல்லாம் நடக்கும். குரோம்புக்கில் ஆண்ட்ராய்டு செயலிகளும் ஓடும். பைத்தான் படிக்க ஆரம்பித்தால் உள்ளேயே லினக்ஸ் பகுதி ஒன்றைத் திறந்துகொள்ளலாம். ஆனால் வாலரண்ட் என்ற கணினி விளையாட்டை விளையாட முடியாது. அதைச் சொல்லாமல் வாங்கிவிட்டு முதல் சனிக்கிழமையே மாட்டிக்கொள்ளாதீர்கள். நாளை அவள் பொறியியல் சேர்ந்து சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைகலை மென்பொருள் தேவைப்பட்டால் விண்டோஸ் கணினி வேண்டும். அது நான்கு வருடம் கழித்து வரப்போகிற செலவு, இப்போதே அதற்குக் காசு போடுவதில் பொருள் இல்லை.

இப்போது அந்த வரி. "கணவர் ஃபிளாட் சங்கத்தின் கணக்கை டாலியில் எழுதுகிறார்." டாலி விண்டோஸ் மென்பொருள். கிளவுட் வழி ஒன்று இருக்கிறது: எங்கோ ஓடும் விண்டோஸ் கணினியில் டாலியை வைத்து, அதன் திரையை நம் பிரவுசரில் பார்த்து வேலை செய்வது. அதற்குத் தனி வாடகை உண்டு. ஒரு ஃபிளாட் சங்கத்தின் வரவுசெலவுக்கு அது அதிகப்படி. டிஜிட்டல் கையொப்பம் பதித்த யுஎஸ்பி டோக்கனை அவர் பயன்படுத்துகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். பென்டிரைவ் போல இருக்கும், நிறுவனங்களின் ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு வேலைகளில் கையெழுத்துக்குப் பதிலாக நிற்கும். அதற்கான துணை மென்பொருளும் குரோம்புக்கை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. ஆடிட்டர்கள் கேட்டால் நான் குரோம்புக் பேச்சையே எடுப்பதில்லை.

பிரிண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். வைஃபை உள்ள அண்மைக்கால பிரிண்டர் என்றால் பெரும்பாலும் குரோம்புக் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கேனன் எல்பிபி 2900 மாதிரி, நம் ஊர் அலுவலகங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய யுஎஸ்பி லேசர் பிரிண்டர் என்றால் அதன் சொந்த டிரைவர் இல்லாமல் அசையாது, குரோம் ஓஎஸ்ஸுக்கு அது கிடையாது. டிரைவர் என்பது கணினிக்கும் கருவிக்கும் இடையில் மொழிபெயர்க்கும் சிறு மென்பொருள்.

குரோம்புக்கின் பலத்தையும் சொல்ல வேண்டுமே. அதில் இயங்குதளம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒரு பிரதியில் நீங்கள் வேலை செய்யும்போது அப்டேட் மற்றதில் அமைதியாக ஏறுகிறது. அடுத்த முறை அணைத்துப் போட்டால் புதியது எழுந்துவிடும். "30 சதவீதம் முடிந்தது, அணைக்காதீர்கள்" என்ற திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒவ்வொரு முறை எழும்போதும் இயங்குதளத்தை யாராவது தொட்டு மாற்றியிருக்கிறார்களா என்று அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மெயிலில் வரும் விண்டோஸ் வைரஸ் கோப்பைத் தவறிச் சொடுக்கினாலும் ஒன்றும் ஆகாது. டாலி ஓடாத அதே காரணம்தான். பல மாடல்களில் மின்விசிறி கிடையாது என்பதால் சாந்தோம், பெசன்ட் நகர் பக்கத்து உப்புக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்காது. ஆனால் போலி வங்கித் தளத்தில் நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்தாலோ, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பினாலோ எந்தக் கணினியும் காப்பாற்றாது.

வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று நினைவகம். 4 ஜிபி உள்ளவை விலை குறைவாகக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வீடியோவையும் ஓட்டினால் திணறும். 8 ஜிபி எடுங்கள். பெரும்பாலான மாடல்களில் நினைவகமும் சேமிப்புச் சில்லும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, பின்னால் கூட்ட முடியாது. 'குரோம்புக் பிளஸ்' என்ற முத்திரை இருந்தால் குறைந்தது 8 ஜிபி நினைவகமும் 128 ஜிபி சேமிப்பும் உண்டு என்று பொருள்.

மற்றது அப்டேட் முடியும் தேதி. கடையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு குரோம்புக்குக்கும் பத்து ஆண்டு அப்டேட் தருவதாக கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். ஐந்து வருடப் பழைய மாடலைப் பளபளவென்று புதிய பெட்டியில் வாங்கினால் மீதி ஐந்து வருடம்தான். ரிச்சி தெருவிலோ இணையத்திலோ யாராவது அடிமாட்டு விலைக்குப் பழைய குரோம்புக் காட்டினால் அதன் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அமைப்புகளில் 'குரோம் ஓஎஸ் பற்றி' என்ற பகுதிக்குள் தேதி இருக்கும். கூகுளின் உதவிப் பக்கத்திலும் மாடல்வாரியாகக் கிடைக்கும். குரோம் ஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவரப்போவதாக 2025-ல் கூகுள் சொல்லியிருப்பதால், இந்தத் தேதியைக் கேட்டு வாங்குவது முன்பைவிட இப்போது முக்கியம். ஜியோபுக் போன்றவற்றையும் சில கடைகளில் இதே வரிசையில் வைத்திருப்பார்கள். அவை குரோம்புக் இல்லை, அவற்றின் இயங்குதளம் வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் செலவில்லாத ஒரு காரியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மை. உங்கள் லேப்டாப் ஓரளவு புதிதாக இருந்தால், இன்டெல் சில்லு என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருந்தால், பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறிக்கொள்ளலாம். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்தால் அதுவே சொல்லிவிடும். தகுதி இருந்தால் இந்த வருடம் எதுவுமே வாங்க வேண்டாம், டாலியும் பிழைத்தது.

தகுதி இல்லையென்றால் என் தீர்ப்பு இது. உங்களுக்கும் பேத்திக்கும் 8 ஜிபி குரோம்புக் ஒன்று வாங்குங்கள். பழைய லேப்டாப்பைக் கணவரிடம் டாலிக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அதில் இனி வங்கி, மெயில் வேண்டாம். கணக்கை வாரா வாரம் பென்டிரைவில் பிரதி எடுத்து வைக்கட்டும். ஒரே ஒரு கணினிதான் வாங்குவோம், பழையதைத் தூக்கிப் போடுவோம் என்றால் விண்டோஸ்தான். கடைக்காரர் தப்பான வழியில் வந்து சரியான வாசலில் நின்றதாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் பழகிப் பார்க்கவும் வழி இருக்கிறது. பழைய கணினிகளுக்கென்றே 'குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்' என்ற இலவசப் பதிப்பை கூகுள் 2022-ல் வெளியிட்டது. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென்டிரைவ் ஒன்றில் மகனை அதை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் அந்த பென்டிரைவிலிருந்தே அது எழும். ஆண்ட்ராய்டு செயலிகள் மட்டும் இதில் வராது. ஒரு வாரம் அதில் கட்டுரை எழுதுங்கள், கச்சேரி கேளுங்கள், உங்கள் பிரிண்டரையும் இணைத்துப் பாருங்கள். திரையில் 'முதலில் முயன்று பார்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே 'நிறுவு' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் டாலிக் கணக்கு உட்பட அந்த லேப்டாப்பில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும்.